கைப்பிடிச் சுவர் போன பாலத்தில் ஒரே பகலில் தற்காலிகத் தடுப்பு: எதை வைப்பது, எங்கே வைப்பது?

ஆற்றுமேடு (இழையைத் தொடங்கியவர்)
அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இதைப் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். 2024-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். தென்பெண்ணை கடலூர் வரைக்கும் கரை புரண்டது. அந்த மாதிரி வெள்ளம் வடியும்போது பெரிய பாலங்களை அதிகாரிகள் உடனே வந்து பார்த்துவிடுகிறார்கள். கெடிலம், மலட்டாறு, உப்பனாறு, பாகூர்ப் பக்கத்து வாய்க்கால்கள் மேல் இருக்கும் சின்னப் பாலங்களில்தான் இரண்டு சவுக்குக் கட்டையும் ஒரு சிவப்புத் துணியும் கட்டி விட்டுவிடுகிறோம்.

கணக்குக்கு ஒரு பாலம் வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் கண் (இரண்டு தூணுக்கு இடைப்பட்ட பாகம்) ஐந்து, கர்டர் (உத்தரம்) மேல் ஸ்லாப். வண்டி ஓடும் அகலம் 7.5 மீட்டர். இரண்டாவது, மூன்றாவது கண்ணில் கீழ்நீர்ப் பக்கம் 14 மீட்டர் நீளத்துக்குக் கைப்பிடிச் சுவர் ஆற்றோடு போய்விட்டது. இருட்ட 6 மணி நேரம் இருக்கிறது. நடப்பவர்கள், டூவீலர், டவுன் பஸ் எல்லாம் இந்தப் பாலத்தை நம்பித்தான். என்ன செய்யலாம்?

கடப்பாரை
தடுப்பைப் பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. இதன்மேல் எதுவாவது போகலாமா? கைப்பிடிச் சுவரையே பிடுங்கும் வேகத்தில் தண்ணீர் அடித்திருக்கிறது என்றால் அடியில் என்ன செய்திருக்கும் என்று பாருங்கள். அரை மணி நேரம் போதும்.

முதலில் அணுகுசாலை. வெள்ளத்துக்குப் பிறகு பாலம் நிற்கும், அபட்மென்ட்டுக்கு (பாலத்தின் கரைமுனைச் சுவர்) பின்னாலிருந்த மண் போயிருக்கும். மேலே தார் மட்டும் அப்பளம் மாதிரி அந்தரத்தில் நிற்கும். கடப்பாரையால் அரை மீட்டருக்கு ஒரு குத்து. உள்ளே வழுக்கிக்கொண்டு இறங்கினால் அந்த இடத்தில் ஆள்கூட நிற்கக் கூடாது.

அடுத்தது எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், அதாவது இரண்டு கண்ணின் ஸ்லாபுக்கு நடுவே விட்ட இடைவெளி. இரு பக்க ஸ்லாபும் ஒரே மட்டமா, இடைவெளி இரு ஓரத்திலும் சமமா என்று ஸ்கேல் வைத்து அளங்கள். ஒரு ஓரம் 20 மி.மீ., மறு ஓரம் 45 மி.மீ. என்று வந்தால் பியர் (நடுத் தூண்) திரும்பியிருக்கலாம், கர்டர் தான் உட்காரும் பேரிங்கிலிருந்து நகர்ந்திருக்கலாம். அப்படி இருந்தால் இந்த இழையில் சொல்லும் எதையும் செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் முழுதாக அடைத்துவிட்டு இன்ஜினியர் வரும்வரை காத்திருங்கள்.

சரியாக இருந்தாலும் ஜாயின்ட்டுக்குக் குறுக்கே பெயின்ட்டில் நேர்கோடு ஒன்று போட்டு வையுங்கள். மணிக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். கோடு உடைந்து தெரிந்தால் பாலம் அசைகிறது.

பாகூர்_சைட்
அந்தச் சோதனையில் தேறிவிட்டது என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். எனக்குத் தெரிந்து நம்பக்கூடியது முன்வார்ப்பு கான்கிரீட் தடுப்புதான். விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலை வேலை தொடங்கிய பிறகு இந்தப் பக்கம் தடுப்புத் துண்டுகளும் தூக்க ஹைட்ராவும் (சின்ன கிரேன் வண்டி) புதிதில்லை. அடி 610 மி.மீ., உயரம் 810 மி.மீ., மேலே 150 மி.மீ. அளவுத் துண்டு என்றால் மீட்டருக்கு 600 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. 2 மீட்டர்த் துண்டு ஏறத்தாழ 1.25 டன்.

உடைந்தது 14 மீட்டர்தானே என்று 14 மீட்டருக்கு மட்டும் வைக்கக் கூடாது. சாய்ந்து வரும் வண்டி தடுப்பு தொடங்குவதற்கு முன்னாலேயே அதன் பின்பக்கம் புகுந்துவிடும். இரு பக்கமும் 12 மீட்டர் கூடுதலாகச் சேர்த்தால் 38 மீட்டர், 19 துண்டு.

தராசு
19 துண்டு என்றால் 24 டன் சார். அடிபட்ட பாலத்தில் 24 டன் நிரந்தரச் சுமையை ஏற்றச் சொல்கிறீர்கள். பஸ்ஸாவது வந்து போய்விடும், இது ராத்திரி பகலாக அங்கேயே உட்கார்ந்திருக்கும். தண்ணீர் நிரப்பும் பிளாஸ்டிக் தடுப்பு என்றால் மீட்டருக்கு 200, 250 கிலோவோடு முடியும்.

பாகூர்_சைட்
எடை பற்றிய கவலை நியாயம். ஆனால் மொத்த எடையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். ஒரு 10 மீட்டர் கண்ணில் வருவது 5 துண்டு, ஆறேகால் டன். பாலக் கணக்குக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் (ஐஆர்சி) வகுத்த கிளாஸ் ஏ என்ற மாதிரி வண்டி வரிசையின் மொத்த எடை 55.4 டன். இரண்டு வழிப் பாலத்தை அப்படி இரண்டு வரிசைக்குக் கணக்குப் போட்டுத்தான் கட்டுவார்கள். ஒரு வழியை மூடுகிறோம், அந்த வழியின் சுமை குறைகிறது. கர்டர் முழுசாக இருந்தால் ஆறேகால் டன் ஒரு பெரிய பாரம் இல்லை.

ஆபத்து இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, ஓரக் கர்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்லாப். கைப்பிடிச் சுவர் பிய்ந்தபோது அடிபட்டது அதுதான், அதன்மேல் ஒரு துண்டுகூட வைக்கக் கூடாது. தடுப்பு வரிசை கர்டருக்கு நேர் மேலே வரவேண்டும். இரண்டாவது, தூக்கும் ஹைட்ரா. 14 டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே 12 டன் அளவுக்கு வரும், அதோடு முன் சக்கரத்துக்கு முன்னால் துண்டு தொங்கும். அடிபட்ட கண்ணில் அதை ஏற்றாதீர்கள். நல்ல கண்ணில் நின்று முன்னால் நீட்டி வைக்கட்டும். இரு கரையிலிருந்தும் வந்தால் நடுவில் ஒன்றிரண்டு துண்டுதான் எட்டாமல் போகும். அதை உருட்டுக் குழாய் மேல் வைத்துத் தள்ளிவிடலாம்.

தராசு
கர்டர் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். நீட்டிய ஸ்லாப் எது வரைக்கும் கெட்டிருக்கிறது என்று மேலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

கடப்பாரை
ஒரு கிலோ சுத்தியல். உடைந்த ஓரத்திலிருந்து உள்ளே ஒவ்வொரு ஜாணுக்கும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல கான்கிரீட் 'டங்' என்று திருப்பிச் சொல்லும், கையில் சுத்தியல் துள்ளும். உள்ளே பிரிந்திருந்தால் 'தொப்'பென்று செத்த சத்தம், சுத்தியல் துள்ளாது. சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸில் கோடு. அந்தக் கோட்டிலிருந்து இன்னும் 30 செ.மீ. உள்ளே தள்ளித்தான் உங்கள் நல்ல தரை ஆரம்பிக்கிறது. மேலே தார் இருந்தால் சத்தம் ஏமாற்றும், ஓரத்தில் ஒரு பட்டைக்குத் தாரைக் கொத்தி எடுத்துவிட்டுத் தட்டுங்கள். தட்டுகிறவர் இடுப்பில் ஹார்னஸ், கயிறு மறுபக்கக் கைப்பிடிச் சுவரில். ஓரத்தில் தட்டிக்கொண்டிருக்கும்போதே பெயர்ந்து விழும் துண்டுகள் உண்டு.

வேகமானி
எல்லாரும் எந்தத் தடுப்பு என்று பேசுகிறீர்கள், எந்த வேகத்துக்கு என்று யாரும் பேசவில்லை. ஐஆர்சி 6 என்ற விதிநூலில் சாதாரணப் பாலத்துக்குச் சொல்லியிருக்கும் பி-2 தரத் தடுப்பு 15 கிலோநியூட்டன் வண்டிக்கானது. அதாவது ஒன்றரை டன் கார், 80 கி.மீ. வேகம், 20 டிகிரி கோணம். தடுப்பின் மேல் குறுக்காக மோதும் ஆற்றல் அங்கே ஏறக்குறைய 43 கிலோஜூல்.

ஆள் நிறைந்த டவுன் பஸ்ஸை 15 டன் என்று வையுங்கள். அதே 20 டிகிரியில்:
20 கி.மீ. வேகத்தில் 27 கிலோஜூல்.
25 கி.மீ. என்றால் 42.
30 கி.மீ. என்றால் 61.
50 கி.மீ. என்றால் 169.

20-லிருந்து 30-க்குப் போனாலே இரண்டு மடங்குக்கு மேல். நாம் வைப்பது பி-2 அளவுக்குக்கூட வராத, தரையில் சும்மா உட்கார்ந்திருக்கும் தடுப்பு. பஸ்ஸின் எடை உயரத்தில் இருப்பதால் சாய்ந்து விழும் அபாயம் தனி. அதனால் பஸ்ஸை விடுவதாக இருந்தால் 20 கி.மீ.க்கு மேல் போகவே முடியாதபடி செய்யுங்கள். போர்டு மட்டும் வைத்தால் யாரும் குறைக்கமாட்டார்கள், வேகத்தடை வேண்டும். அதையும் பாலத்தின் மேலோ வாயிலிலோ போடாதீர்கள். ஒவ்வொரு சக்கரமும் குதித்து ஸ்லாபை அடிக்கும். 60 மீட்டர் முன்னாலேயே போடுங்கள்.

ஆற்றுமேடு
இது நான் யோசிக்காத விஷயம். அப்படியானால் ஒரே வழியாக்கி மாற்றி மாற்றி விடுவதுதான் சரியா?

வேகமானி
அதுதான் சரி. இரண்டு வழியும் வேண்டும் என்று அடம்பிடித்தால் தடுப்பு ஓரத்துக்குப் போய்விடும், ஓரத்தில் நிற்கும் தடுப்பை போல்ட் போட்டாக வேண்டும், போல்ட் போடும் இடத்தில் கான்கிரீட் கெட்டிருக்கிறது. ஒரு வழி என்றால் 7.5-ல் 3.5 மீட்டர் வண்டிக்கு, 0.6 தடுப்புக்கு, மீதி 3.4 மீட்டர் தடுப்புக்குப் பின்னால் காலி. வேகமான மோதலில் நிலைநிறுத்தாத கான்கிரீட் தடுப்பு ஒரு மீட்டருக்கு மேல்கூட நகரும். நகர்ந்தாலும் ஆற்றுக்குப் போகாத இடம் இருக்கிறது. டிரில் வேண்டாம், கெமிக்கல் வேண்டாம், 6 மணி நேரத்தில் முடியும்.

பாகூர்_சைட்
இதற்கு நூற்றுக்கு நூறு. பஸ் அகலம் 2.6 மீட்டர் வரைக்கும் உண்டு, 3.5 போதும்.

வைப்பதற்கு முன் தரையைக் கூட்டுங்கள். வெள்ளம் வடிந்த பாலத்தில் விரல்கடை உயரத்துக்கு வண்டல் படிந்திருக்கும். ஈரமாக இருந்தால் வழுக்கல், காய்ந்தால் மாவு. எதுவானாலும் அதன்மேல் வைத்த துண்டு சறுக்குப்பலகைதான். மண்வெட்டியால் வழித்து, தண்ணீர் பீச்சி, துடைப்பம் போட்டு, கான்கிரீட்டின் சொரசொரப்பு கைக்குத் தெரிந்த பிறகு வையுங்கள். பழைய கன்வேயர் பெல்ட் துண்டு கிடைத்தால் அடியில் போடலாம், பிடிமானம் கூடும்.

ஸ்லிங்
துண்டுகளை இணைக்காவிட்டால் 19 தடுப்பு இல்லை, 19 கல். யார்டிலிருந்து வரும் துண்டில் பின் போடும் வளையம் இருந்தால் ஒவ்வொரு இணைப்பிலும் பின்னை முழுக்க இறக்கி, அடியில் கழன்று வராமல் பூட்டுங்கள். வளையம் இல்லாத துண்டும் வரும். அப்போது தூக்குக் கொக்கி வழியாக 12 மி.மீ. வயர் ரோப்பை வரிசை முழுக்க ஓட்டி, டர்ன்பக்கிளில் (ரோப்பை இழுத்து இறுக்கும் திருகு) முறுக்குங்கள்.

ரோப் நுனியில் புல்டாக் கிளிப் போடுவதில் நிறையப் பேர் தப்புச் செய்கிறார்கள். குறைந்தது மூன்று கிளிப், ஒன்றுக்கொன்று 75 மி.மீ. கிளிப்பின் சேடில் (கனத்த அடிக்கட்டை) பாகம் சுமை இழுக்கும் ரோப் மேல் உட்காரவேண்டும், யூ-போல்ட் வெட்டிய வால் நுனி மேல். மாற்றிப் போட்டால் யூ-போல்ட் சுமை ரோப்பின் இழைகளை நசுக்கிவிடும். எல்லா கிளிப்பும் ஒரே திசை. டர்ன்பக்கிளை இறுக்கிய பிறகு நட்டை இன்னொரு முறை முறுக்குங்கள், முதல் இழுவையில் ரோப் மெலியும்.

கெடிலக்கரை
கான்கிரீட் துண்டு வராத நாளில்? ஊரே வெள்ளத்தில் இருக்கும்போது லாரி எங்கிருந்து வரும்? தார் ட்ரம்மில் மணல் போட்டு வைப்பதுதான் நடக்கிறது.

தராசு
200 லிட்டர் ட்ரம்மில் உலர்ந்த மணல் 320 கிலோ. எடை இருக்கிறது, உயரம் 90 செ.மீ.க்குக் கீழே, அடி குறுகல். மோதினால் நகராமல் கவிழும், கவிழ்ந்தால் உருளும். மூடியைத் திறந்தே வைத்தால் மழை நிறைந்து மணல் கசியும், அடி துருப்பிடித்திருந்தால் ஒரு வாரத்தில் பாதி ட்ரம் காலி. கான்கிரீட் ஊற்றி வைப்பது இன்னும் மோசம். பைக்கில் வருபவருக்கு அது பாறை.

ட்ரம்மில் குழாயைக் குறுக்கே கட்டுவது இதைவிடக் கொடுமை. சாரக் குழாயின் நுனி காரின் கண்ணாடி உயரத்துக்கே வரும், மோதினால் ஈட்டி. குழாய் வேண்டவே வேண்டாம்.

ட்ரம் மட்டும்தான் கிடைக்கிறது என்றால் அது தடுத்து நிறுத்தும் பொருள் இல்லை, காட்டும் பொருள் என்று மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். பஸ்ஸை விடாதீர்கள். டூவீலரும் நடப்பவர்களும் மட்டும். தண்ணீர் நிரப்பும் பிளாஸ்டிக்குக்கும் இதே பதில். அதை முன்னால் நான்தான் சொன்னேன், வேகமானி போட்ட கணக்கைப் பார்த்த பிறகு பஸ் ஓடும் வழிக்கு அதைச் சொல்லமாட்டேன்.

கெடிலக்கரை
பஸ்ஸையும் லாரியையும் போலீஸ் இல்லாத நேரத்தில் யார் நிறுத்துவது?

வேகமானி
அகலத்தால் நிறுத்துங்கள். இரண்டு கான்கிரீட் துண்டுக்கு நடுவே 2.2 மீட்டர் மட்டும் விடுங்கள். காரும் வேன் வகை ஆம்புலன்சும் மெதுவாகப் போகும், பஸ்ஸும் டிப்பரும் புகாது. இதைப் பாலத்து வாயிலில் வைக்காதீர்கள், லாரி வந்து மாட்டிக்கொண்டால் பின்னால் எடுக்க இடமிருக்காது. கடைசிக் கூட்டுரோட்டில், வண்டி திரும்பக்கூடிய இடத்தில் வையுங்கள். தீயணைப்பு வண்டியும் இதில் புகாது என்பதால் 108-க்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் மாற்றுவழியை அன்றே சொல்லிவிட வேண்டும்.

பாகூர்_சைட்
வழி குறுகும் இடத்துக்கு டேப்பர் (சாய்வாகக் கோன் வைத்துக் குறுக்கும் நீளம்) எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. அகலம் × வேகத்தின் வர்க்கம் ÷ 155 என்று அமெரிக்கக் கையேட்டில் ஒரு சூத்திரம் உண்டு. 3.5 மீட்டர், 40 கி.மீ. என்றால் 36 மீட்டர் வருகிறது.

வேகமானி
அது ஒரே திசையில் ஓடும் இரண்டு வழி ஒன்றாகச் சேரும் இடத்துக்கு. எதிரும் புதிருமாக ஒரு வழியில் மாற்றி விடும்போது அதே கையேடு 15-லிருந்து 30 மீட்டருக்குள் வைக்கச் சொல்கிறது. டேப்பர் நீளமாக இருந்தால் 'எனக்கு வழி இருக்கிறது' என்று ஓட்டுநர் நினைத்து உள்ளே வந்துவிடுவார். சட்டென்று குறுகினால்தான் நிற்பார். 20 மீட்டரில் ஐந்தாறு கோன் போதும்.

பாகூர்_சைட்
சரி, திருத்திக்கொள்கிறேன்.

தடுப்பு தொடங்கும் முனை வண்டியைப் பார்த்து நிற்கக் கூடாது. முதல் மூன்று துண்டைப் படிப்படியாக வெளிப்பக்கம் விலக்கி, முனையை அணுகுசாலை ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். கரை கெட்டியாக இருக்கிறதா என்று கடப்பாரை சொன்ன குத்துச் சோதனைக்குப் பிறகுதான்.

சவுக்குத்தோப்பு
டூவீலரையும் நடப்பவர்களையும் மறந்துவிடாதீர்கள். முழங்கை அகலம் இடைவெளி இருந்தால் நம்ம ஊரில் பைக் புகுந்துவிடும். இரண்டு துண்டுக்கு நடுவே ஒரு ஜாணுக்கு மேல் விடாதீர்கள். தடுப்புக்குப் பின்னால் 3.4 மீட்டர் காலியாக இருப்பதைப் பார்த்ததும் அதுதான் நடைபாதை என்று ஜனங்கள் போவார்கள். ஓரம் பெயரும் இடம் அது! இரு முனையையும் அடைத்துவிட்டு, நடப்பவர்களை நல்ல கைப்பிடிச் சுவர் ஒட்டி விடுங்கள்.

அந்த இரு முனையை அடைக்கச் சவுக்கு நல்ல பொருள், நம் மாவட்டத்தில் எந்நேரமும் கிடைக்கும். கால் 1.5 மீட்டருக்கு ஒன்று, குறுக்குக் கழி ஒரு மீட்டர் உயரத்தில் ஒன்று, அரை மீட்டரில் ஒன்று. இரண்டாவது கழி இல்லாவிட்டால் குழந்தைகள் குனிந்து போய்விடுவார்கள். காலைப் பாலத்தில் நட முடியாது. மணல் நிரப்பிய வாளியில் நட்டு, பின்னால் முட்டுக் கொடுங்கள். ஆளைத் தடுக்க மட்டும்தான் சவுக்கு, வண்டிக்கு இல்லை.

ஸ்லிங்
தகரம் கட்டாதீர்கள் என்று சொல்லவேண்டும். மறைப்பு நன்றாக இருக்கிறது என்று 2.4-க்கு 1.2 மீட்டர்த் தகரத்தைக் கட்டுவார்கள். காற்றழுத்தம் 0.6 × வேகத்தின் வர்க்கம். மணிக்கு 90 கி.மீ. காற்றில் அந்த ஒரு தகரத்தில் 110 கிலோ தள்ளும். பிய்ந்தால் அரிவாள். கம்பி வலை, அல்லது சும்மா கயிறு போதும். எச்சரிக்கைப் போர்டின் காலடியில் 25 கிலோ மணல் மூட்டை நான்கு. மேலே தொங்கவிடக் கூடாது.

விளக்குத்தூண்
ராத்திரிக்கு: புயல் முடிந்த பிறகு கரண்ட் இருக்காது. சோலார் பிளிங்கர் மூன்று நாள் மேகமூட்டத்தில் அணைந்துவிடும். நம்பவேண்டியது ஒளி திருப்பும் ஸ்டிக்கரைத்தான். ஒவ்வொரு துண்டின் மேல்முனையிலும் ஒன்று, வண்டி வரும் திசை பார்த்து. கான்கிரீட் ஈரமாக இருந்தால் ஒட்டாது. சின்னத் தகட்டில் ஒட்டி, தகட்டைக் கம்பியால் கட்டுங்கள். சாய்கோட்டுப் பலகை வைத்தால் கோடு, வண்டி போகவேண்டிய பக்கம் கீழே இறங்கும்படி இருக்கவேண்டும். தலைகீழாக வைத்தால் ஆற்றுப் பக்கம் வழிகாட்டும்.

இரு முனையிலும் ஒரு ஆள், 'நில்', 'செல்' பலகை, சிவப்பு டார்ச். செல்போன் டவரை நம்பாதீர்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத மழையில் கடைசி வண்டிக்காரரிடம் ஒரு கொடியைக் கொடுத்து அனுப்புங்கள். கொடி வந்து சேர்ந்த பிறகுதான் எதிர்ப்பக்கம் திறக்கவேண்டும்.

கடப்பாரை
இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று.

தண்ணீர் வடியும் துளைகளைத் தடுப்பு மூடக் கூடாது. ஸ்லாபில் 10 செ.மீ. தண்ணீர் தேங்கினால் சதுர மீட்டருக்கு 100 கிலோ. நீங்கள் கஷ்டப்பட்டுக் குறைத்த சுமை அங்கே வந்துவிடும். மறுபடி வெள்ளம் பாலத்தின் மேல் ஏறும் என்று தகவல் வந்தால் போக்குவரத்தை முழுக்க அடைத்துவிடுங்கள். சவுக்குக் கட்டையும் ஆகாயத்தாமரையும் தடுப்பில் அடைந்து அணை மாதிரி நின்றுவிடும்.

அடுத்தது உடைந்த ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி. ஆளைக் குத்தும் என்று கேஸ் கட்டரால் அறுத்துத் தள்ளிவிடுகிறார்கள். தயவுசெய்து அறுக்காதீர்கள். புதுக் கைப்பிடிச் சுவரின் கம்பியை அதோடு சேர்த்துத்தான் கட்டவேண்டும். அறுத்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் துளை போட்டுப் புதுக்கம்பி ஒட்டவேண்டிவரும், அதுவும் கெட்டுப்போன கான்கிரீட்டில். ஒரு ஜாண் பிவிசி குழாயை ஒவ்வொரு கம்பியிலும் செருகி மேலே துணி சுற்றிக் கட்டுங்கள். 14 மீட்டருக்கு இரண்டு பேர், ஒரு மணி நேரம்.

ஆற்றுமேடு
இரண்டு வழியும் விட்டே ஆகவேண்டிய பாலம் என்றால் போல்ட் எப்படி?

பாகூர்_சைட்
அன்றைக்கே செய்யக்கூடிய வேலை இல்லை, ஆனாலும் கேட்டதால். ஸ்லாப் 200 மி.மீ. தான் இருக்கும். 150 ஆழத்துக்கு மேல் துளைத்தால் அடி உடைந்து தெறிக்கும். எம்-20 போல்ட் என்றால் 24 மி.மீ. துளை. ஊது, பிரஷ் போடு, ஊது என்று தூசி வருவது நிற்கும்வரை. தூசி இருந்தால் போல்ட்டை ஒட்டும் கெமிக்கல் பசை தூசியைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. ஈரத் துளைக்கும் ஏற்றது என்று ட்யூபில் போட்டிருந்தால்தான் மழைக்காலத்தில் வாங்குங்கள், காயும் நேரமும் அதிலேயே இருக்கும். கம்பி தேடும் கருவி இல்லாமல் துளைக்காதீர்கள். முன்தகைவு கர்டர் பாலம் என்றால் வரைபடம் பார்க்காமல் டிரில்லைத் தொடவே கூடாது, ஒரு டெண்டன் (உள்ளே இழுத்துப் பூட்டிய எஃகு வடம்) அறுந்தால் அந்தக் கண்ணே போய்விடும்.

முள்ளோடை_எல்லை
நம் பகுதியில் இன்னொரு சிக்கல். பாகூர்ப் பக்கம் ஒரு பாலம் புதுச்சேரி பொதுப்பணித் துறை, அடுத்த பாலம் தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறை. எல்லையின் இந்தப் பக்கம் அடைத்தால் அந்தப் பக்கத்து வண்டிகளுக்குத் தெரிவதில்லை, பாலம் வரைக்கும் வந்து திரும்புகிறார்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, அவசரத்துக்கு 112. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். பாலத்தின் எண், கிலோமீட்டர்க் கல், எந்தப் பக்கம் எத்தனை மீட்டர் உடைந்தது, எந்த வண்டி விடப்படுகிறது, இந்த நான்கையும் ஒரே மூச்சில் சொன்னால் திருப்பிக் கூப்பிடவேண்டியிருக்காது.

சவுக்குத்தோப்பு
கட்டின தேதியைத் தடுப்பிலேயே பெயின்ட்டில் எழுதுங்கள், கொட்டை எழுத்தில். கடற்காற்றில் பைண்டிங் கம்பி ஒரு மழைக்காலம் தாண்டாது. வெளியே முறுக்காகத் தெரியும், விரலால் நெருடினால் பொடியாக உதிரும். கட்டு எல்லாவற்றையும் 15 நாளுக்கு ஒருமுறை கையால் இழுத்துப் பார்க்க ஒரு ஆளை நியமித்து, பார்த்த தேதியையும் அதன் கீழேயே எழுதவையுங்கள்.

ஆற்றுமேடு
19 துண்டு, 12 மி.மீ. ரோப் 45 மீட்டர், கிளிப் 6, டர்ன்பக்கிள் 1, கோன் இரு பக்கமும் 12, மணல் மூட்டை 40, பிவிசி குழாய், ஸ்டிக்கர் தகடு 19, சாக்பீஸ், சுத்தியல். இதை அச்செடுத்து எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்போகிறேன். விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள்.

ஸ்லிங்
கிளிப் 8 வாங்குங்கள். இரண்டு ஆற்றில் விழும்.